ராசியில்லாத கை என்று ஒன்று இல்லை

போன வெள்ளிக்கிழமை அத்தையோடு சைதாப்பேட்டைக்குப் பூ வாங்கப் போனேன். காலை ஆறரை மணி. பூக்காரம்மா அப்போதுதான் மூட்டையை அவிழ்த்து, மல்லி மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அத்தை பர்ஸிலிருந்து நூறு ரூபாயை எடுத்ததும் பக்கத்தில் நின்ற ஒருவர், "முதல் போணி, நீ குடும்மா" என்று என்னைக் காட்டினார். அத்தை ஒன்றும் பேசவில்லை. நோட்டை என் கையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். மாமா போய் நாலு வருஷம் ஆகிறது.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. கைராசி, கைராசி என்கிறோமே, வடமொழியில் ராசி என்றால் குவியல், அவ்வளவுதான். அது வான மண்டலத்துக்குப் போய், ஜாதகத்துக்கு வந்து, கடைசியில் ஒரு பெண்ணைத் தள்ளி நிற்க வைக்கிறது.

அதிர்ஷ்டம் என்ற சொல்லையும் பாருங்கள். திருஷ்டம் என்றால் பார்க்கப்பட்டது, முன்னால் 'அ' சேர்ந்தால் பார்க்கப்படாதது. ஆயுதபூஜைக்கு உடைக்கிறோமே திருஷ்டிப் பூசணி, அந்தத் திருஷ்டிக்கும் இதே வேர்தான். காந்தத்தை நோக்கி ஊசி நகர்வதற்கு வைசேஷிக சூத்திரம் என்ற பழைய வடமொழித் தத்துவ நூல் சொல்லும் காரணமே அதிர்ஷ்டம்தான், அதாவது காரணம் கண்ணுக்குத் தெரியவில்லை என்று பொருள். இன்று அந்தக் காரணம் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது.

மாமா விஷயத்தில் கண்ணுக்குத் தெரியாதது எதுவுமே இல்லை. சர்க்கரை, அப்புறம் சிறுநீரகம். 2 வருஷம், வாரத்துக்கு 3 நாள் டயாலிசிஸ், மதியச் சாப்பாட்டைத் தூக்கில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் கூட்டிப் போனது இந்த அத்தைதான். இத்தனையும் பார்த்த சொந்தக்காரர்களே 'அவள் ராசி' என்று சொன்னதை என் காதால் கேட்டேன்.

வள்ளுவர் 371ஆம் குறளில் ஆகூழ், போகூழ் என்கிறார். சேர்க்கும் ஊழ் சோர்வில்லாத முயற்சியாக வரும், இழக்க வைக்கும் ஊழ் சோம்பலாக வரும் என்கிறார். ஒருத்தியின் ஊழ் பூக்காரம்மாவின் சுருக்குப்பையில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று அங்கே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது நம் வீட்டுப் பேச்சில் இருக்கும் 'கொடுத்து வைத்தவர்' தான். யாருக்காவது நல்லது நடந்தால் அப்படித்தானே சொல்கிறோம்? என்றைக்கோ கொடுத்து வைத்தது இன்று திரும்பி வருகிறது என்கிற கணக்கு அது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் எங்கள் குடும்பத்தில் அத்தை அளவுக்குக் கொடுத்து வைத்தவர் யாரும் இல்லை.

வருகிற வெள்ளிக்கிழமையும் அதே நேரத்துக்குப் போகிறோம். நான் பர்ஸ் எடுத்துப் போகப் போவதில்லை, போணி அத்தை கையால்தான்.