கேட்கிறதும் வேலைதாங்க

ரெண்டு நாளா வாயைத் திறக்க வேண்டாம்னுதான் இருந்தேன். நேத்து ராத்திரி மூணாவது ஆளா ஒருத்தர் அதே ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி "அக்கா, பார்த்தீங்களா"ன்னு கேட்டதும் பொறுக்க முடியலை. எந்தப் பதிவு, எந்த அண்ணன்னு கம்பம், கூடலூர் ஆளுங்களுக்குத் தெரியும். பேர் சொல்லப்போறதில்லை. "பிச்சை எடுக்கக் கொச்சியில ட்ரெய்னிங்காம், அதுவும் ஏசி ஹால்ல." இவ்வளவுதான் எழுதினார். தோட்ட வேலைக்குப் போறவங்க பிள்ளைங்களைச் சாயங்காலம் பார்த்துக்கிற எங்க படிப்பகத்துக்கு நன்கொடை திரட்டக் கத்துக்கலாம்னு கொச்சியில ரெண்டு நாள் கான்ஃபரன்ஸுக்கு நான் போயிட்டு வந்ததைத்தான் சொல்றார். கீழே அறுபது சிரிப்பு. சிரிச்சதுல நாலு பேர் எங்க படிப்பகத்துக்கு மாசாமாசம் காசு போடுறவங்க.

ஏசி ஹால் உண்மைதான். குளிர் தாங்காம துப்பட்டாவைப் போத்திக்கிட்டு ரெண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். கட்டணத்துல பாதி டிரஸ்ட், பாதி என் கைக்காசு. குமுளியிலிருந்து அரசு பஸ்ல போயிட்டு அரசு பஸ்லயே வந்தேன். டிக்கெட் இருக்கு, வேணும்னா காட்டுறேன். இதையெல்லாம் கணக்குச் சொல்ல வேண்டிய நிலைமை வந்ததே, அதுதான் எரியுது.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். காசு கேட்கிறது ஒரு வேலை. பாடம் நடத்துற டீச்சருக்குப் பி.எட். வேணும்கிறீங்க, கணக்கு எழுத ஆடிட்டர் வேணும்கிறீங்க. அந்த டீச்சர் சம்பளத்தைத் திரட்டுறவ மட்டும் எதையும் படிக்கக் கூடாது, படிச்சா ஆடம்பரம்!

தெரியாம கேட்டா என்ன ஆகும்னு சொல்றேன். எட்டு வருஷமா எங்க நோட்டீஸ்ல முதல் வரியே "80ஜி வரிச்சலுகை உண்டு"தான். நன்கொடை குடுக்கிறவங்க அதை வருமான வரிக் கணக்குல கழிச்சுக்கிறதுக்கான பிரிவு அது. 2023-24-லிருந்து நீங்களா பழைய முறை வேணும்னு சொல்லலைன்னா புது வரி முறைதான். அதுல 80ஜி கழிவே கிடையாது. அதாவது அதுக்கப்புறமும், புது முறையில இருக்கிறவங்களை இல்லாத மிட்டாயைக் காட்டிக் கூப்பிட்டுக்கிட்டிருந்திருக்கோம். பழைய முறையிலயே இருக்கிறவர் ரொக்கமா 2,000 ரூபாய்க்கு மேல குடுத்தாலும் கழிவு இல்லை. அவருக்குக் கழிவு கிடைக்கணும்னா, யார் எவ்வளவு குடுத்தாங்கங்கிற 10பிடி படிவத்தை மே 31-க்குள்ள நாங்க வருமான வரித் துறைக்குத் தாக்கல் பண்ணி, அவருக்கு 10பிஇ சான்றிதழ் குடுக்கணும். ஒரு வருஷம் கெடுவைத் தவறவிட்டோம். ஒரு நாளைக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம், அது போகட்டும். ரிட்டையர்டு வாத்தியார் ஒருத்தர் சான்றிதழ் கேட்டு நாலு தடவை போன் பண்ணார். அஞ்சாவது தடவை பண்ணலை. அடுத்த வருஷம் காசும் வரலை.

காசு குடுக்கிறதை நிறுத்தினவங்க பட்டியலை எடுங்கன்னு கொச்சியில ஒரு அம்மா சொன்னாங்க. புதுசா நூறு பேரைத் தேடுறதுக்கு முன்னாடி, நின்னுபோன பத்துப் பேருக்கு ஏன் நின்னுபோச்சுன்னு கேளுங்கன்னாங்க. இங்கிலீஷ்ல அதுக்குப் பெரிய பேரு வச்சிருக்காங்க. எனக்கு எங்கப்பா ஞாபகம்தான் வந்தது. ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிக்கிறவர். வீட்டுக்குப் போனா முதல்ல காசு பேச மாட்டார். திண்ணையில உட்கார்ந்து தண்ணி வாங்கிக் குடிப்பார், மழை, திராட்சை விலை, மக பிரசவம் எல்லாம் கேட்ட பிறகுதான் நோட்டைத் திறப்பார். திருவிழா முடிஞ்சதும் பழைய பேப்பர்ல விபூதி மடிச்சு வீடு வீடாப் போவார். குடுக்காத வீட்டுக்கும்தான். "அடுத்த வருஷம் ஒண்ணு இருக்குல்ல"ம்பார். எங்கப்பாவை யாரும் பிச்சைக்காரன்னு சொன்னதில்லை. பொம்பளை நோட்டைத் தூக்கினா மட்டும் அது பிச்சை.

"சேவைக்கு எதுக்குச் சம்பளம், நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு சட்டமே இருக்கே"ன்னு ஒருத்தர் வருவார், தெரியும். அண்ணே, அந்த 5 சதவீதம் சி.எஸ்.ஆர். பண்ற, அதாவது சட்டப்படி லாபத்துல ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவு பண்ற கம்பெனி தன் சொந்த நிர்வாகத்துக்குக் காட்டுற செலவுக்கான வரம்பு. வெளிநாட்டு நிதி வாங்குறவங்களுக்கு 20 சதவீதம். 2020 திருத்தத்துக்கு முன்னாடி 50. எங்களுக்கு வெளிநாட்டுக் காசும் இல்லை, கம்பெனிக் காசும் இல்லை. படிச்சுட்டு வாங்க, பேசுவோம்.

"அந்த கான்ஃபரன்ஸ் பெரிய என்ஜிஓக்களுக்கானது"ன்னா, ஒத்துக்கிறேன். அரை நாள் முழுக்க சி.எஸ்.ஆர்.தான். சொத்து மதிப்பு 500 கோடி, இல்லைன்னா விற்றுமுதல் 1,000 கோடி, இல்லைன்னா லாபம் 5 கோடி இருக்கிற கம்பெனி லாபத்துல 2 சதவீதம் செலவு பண்ணணுமாம். எங்க பக்கம் இருக்கிறது திராட்சைத் தோட்டமும் ஏலக்காய்க் கமிஷன் கடையும். அந்த நேரம் நான் டீ குடிக்கப் போயிட்டேன்.

ஆனா மலப்புறத்துக்காரங்க பேசினப்ப எழுந்திரிக்கலை. 1993-ல் கோழிக்கோட்டுல ஆரம்பிச்ச வலி நிவாரணச் சிகிச்சை மலப்புறத்துல ஊர் ஊரா பரவினது கடைக்காரங்க, பஸ் தொழிலாளிங்க, பள்ளிப் பிள்ளைங்க போட்ட சில்லறையில. 2008-ல் கேரள அரசு அந்தச் சிகிச்சைக்குன்னு கொள்கையே கொண்டுவந்தது. மலைக்கு அந்தப் பக்கம் பக்கெட் ஏந்தினா இயக்கம். இந்தப் பக்கம் ஏந்தினா கேலி. அங்க போனா நான் பாண்டிக்காரி, திரும்பி வந்தா "மலையாளத்தான்கிட்ட ட்ரெய்னிங் எடுத்தவ". நம்ம பொம்பளைங்க விடியக்காலம் ஜீப்புல அடைஞ்சு கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போறப்ப அவங்க பிள்ளைங்களைச் சாயங்காலம் யார் பார்த்துக்கிறாங்கன்னு இந்த அறுபது பேர்ல யாராவது கேட்டிருக்கீங்களா?

சரி, என் தப்பையும் சொல்லிடுறேன். எங்க நோட்டீஸ்ல ஒரு பாப்பா படம். கிழிஞ்ச கவுனு, மூக்கு ஒழுகிக்கிட்டு. அது இப்ப ஏழாவது படிக்குது. வடை கட்டிக் குடுத்த பேப்பர்ல தன் படத்தைப் பார்த்துட்டு என்கிட்ட கொண்டுவந்தது. எண்ணெய் ஊறின பேப்பர். "அக்கா, இதை இன்னும் எத்தனை கடையில குடுத்திருக்கீங்க?" அழ வைக்கிற படம் போட்டாதான் காசு வரும்னு எனக்கு யாரும் சொல்லிக்குடுக்கலை, நானா நினைச்சுக்கிட்டது. கொச்சியில அதைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினாங்க. நான் தலையைத் தூக்கலை.

வந்ததும் நின்னுபோனவங்க பட்டியலை எடுத்தேன். முதல் பக்கத்துலயே அந்த அண்ணன் பேர். 2021-ல் அஞ்சு மாசம், மாசம் 500. ரசீது புக்கைப் புரட்டினா அஞ்சும் கிழிக்காம அப்படியே இருக்கு. நன்றின்னு ஒரு போன்கூடப் போகலை.

அதுக்காக அவர் எழுதினது சரின்னு ஆகிடாது. ரசீதைக் கவர்ல போட்டு வச்சிருக்கேன். அவர் கடைக்கு நானே போறதா, பையன்கிட்ட குடுத்து விடுறதான்னுதான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்.