120 கேள்வித்தாளும் ஒரு பூட்டும்

இன்றைக்கும் கல்லூரி கம்ப்யூட்டர் லேப் பூட்டித்தான் இருந்தது. காலை ஆறே முக்காலுக்குப் பாம்பனில் பஸ் ஏறி, பாலம் தாண்டி, மண்டபம், உச்சிப்புளி என்று நின்று நின்று ராமநாதபுரம் வந்து, அங்கே டவுன் பஸ் மாறிக் கல்லூரிக்குப் போனால், கதவில் அதே பித்தளைப் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுகிறார். அந்த இன்னொருவர் மதியத்துக்கு மேல் வந்தார். "இன்னைக்கு பி.சி.ஏ. பிள்ளைகளுக்கு பிராக்டிகல் இருக்கும்மா, நீங்க நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த "நாளைக்கு" ஐந்து வாரமாக வரவே இல்லை.

நான் எம்.எஸ்ஸி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கடலில் பாசி எடுக்கும் பெண்களின் மன அழுத்தம்தான் என் ஆய்வேடு. சின்னப்பாலத்திலும் அக்கம்பக்கத்திலும் 120 பெண்களிடம் போய் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கிற அந்த 61 நாளில்தான் பெரும்பாலும் போனேன். அப்போதுதான் வீடுகளில் ஆள் இருக்கும். வெயிலில் மணலில் நடந்து நடந்து செருப்பு இரண்டு ஜோடி தேய்ந்தது. அதைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை.

நான் கொண்டுபோனது ஷெல்டன் கோஹனும் அவருடன் இருந்தவர்களும் 1983இல் வெளியிட்ட மன அழுத்த அளவுகோலின் பத்துக் கேள்வி வடிவம். பத்தே கேள்விதான், ஆனால் யாரும் பத்து நிமிஷத்தில் முடிக்கவில்லை. நிறையப் பேருக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசிக்க, அவர்கள் சொல்ல, நான் குறித்துக்கொள்வேன். ஒரு கேள்விக்கு "அடிக்கடி" என்று சொன்ன ஒரு அம்மா, அதோடு நிறுத்திவிட்டு அழ ஆரம்பித்தார். அவர் வீட்டுக்காரரை இலங்கைக் கடற்படை படகோடு பிடித்துப் போய், அந்தப் பக்கம் சிறையில் மாதக் கணக்கில் வைத்திருந்த கதையை அப்போதுதான் சொன்னார். கைவிரல் முழுக்கப் பாறை கிழித்த தழும்பு. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதிக்க தாயி, நம்ம கஷ்டம் நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார். போன வாரம் பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்துவிட்டு, "அந்தக் காயிதமெல்லாம் என்னாச்சு தாயி?" என்று கேட்டார். காகிதக் கட்டு வீட்டில் டிரங்குப் பெட்டி மேல் இருக்கிறது. லேப் பூட்டி இருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

நோட்டில் கூட்டிப் போட்டுவிடலாமே என்று ஒரு பேராசிரியரே சொன்னார். 120 பேர், ஆளுக்குப் பத்து பதில் என்றால் 1,200 எண். அதோடு வயது, படிப்பு, குழந்தைகள், கடன் என்று இன்னும் எத்தனையோ. இதில் 4, 5, 7, 8 ஆகிய கேள்விகள் நேர்மறையானவை, அவற்றின் மதிப்பெண்ணைத் தலைகீழாக மாற்றித்தான் கூட்ட வேண்டும். ஒரே ஒரு இடத்தில் மறந்தாலும் அந்தப் பெண்ணின் அழுத்தம் தப்பாகப் பதிவாகும். அப்புறம் பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று நம்பகத்தன்மை பார்க்கணும், குழுக்களை ஒப்பிடணும். வீட்டில் லேப்டாப் இல்லை. எங்கள் வகுப்பில் 14 பேரில் மூன்று பேரிடம்தான் இருக்கிறது. ராத்திரி போனிலேயே 40 பேருடைய பதிலை ஏற்றினேன். ஒரு வரிசை நகர்ந்துபோய், எது யாருடையது என்றே தெரியாமல் மொத்தத்தையும் அழித்தேன்.

சரி, கதவு திறந்திருந்த ஒரு நாள் உள்ளே போனோம். 30 கம்ப்யூட்டரில் மூன்றில்தான் எஸ்.பி.எஸ்.எஸ். என்கிற புள்ளியியல் மென்பொருள் இருக்கிறது. மூன்றிலும் லைசென்ஸ் முடிந்துவிட்டது. அதைப் புதுப்பிக்கப் பணம் இல்லை என்றால் புரிந்துகொள்வேன். ஆனால் அதே வேலையைச் செய்கிற ஜமோவி இருக்கிறது, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்துக்காரர்கள் உருவாக்கிய ஜாஸ்ப் இருக்கிறது. இரண்டும் இலவசம்; எங்கள் ஆய்வேட்டுக்குத் தேவையான எல்லாமே அவற்றில் செய்யலாம். இறக்கி நிறுவுவது பத்து நிமிஷ வேலை. அதற்கு அட்மின் பாஸ்வேர்டு வேண்டுமாம். பாஸ்வேர்டு ஒரே ஒருவரிடம் இருக்கிறதாம், அவர் லீவாம். கடிதம் எழுதிக் கொடுத்தோம். கடிதம் எந்த மேசையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க இன்னொரு கடிதம் எழுதினோம்.

கல்லூரிகளுக்கு மின்னூல்களும் ஆய்விதழ்களும் தருகிற இன்ஃப்ளிப்நெட்டின் என்-லிஸ்ட் திட்டம் வழியாக ஆய்விதழ்களைப் படிக்கலாம் என்று சீனியர் ஒருவர் சொன்னார். கல்லூரி உறுப்பினராகி எங்களுக்குக் கணக்கு உருவாக்கித் தர வேண்டும். அதையும் கேட்டோம், அதற்கும் பதில் இல்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது அலுவலகத்தில் கேட்ட ஒரு வார்த்தைக்குத்தான். "சைக்காலஜிக்கு எதுக்கும்மா கம்ப்யூட்டர்? அது தியரி சப்ஜெக்ட்தானே." உளவியல் தனி அறிவியலாகத் தலைநிமிர்ந்ததே 1879இல் லைப்சிக்கில் வில்ஹெல்ம் வுண்ட் ஒரு ஆய்வகம் திறந்ததால்தான். ஒரு நிறத்தின் பெயரை வேறு நிற மையில் எழுதிக் காட்டி, மை நிறத்தைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிற, 1935இல் ஸ்ட்ரூப் செய்த நிறச்சொல் சோதனையை நாங்கள் அட்டையும் ஸ்டாப்வாட்ச்சும் வைத்துச் செய்கிறோம். கம்ப்யூட்டர் மில்லி செகண்டில் அளப்பதை, எங்கள் கட்டைவிரல் எப்படி அளக்கும்? அந்த ரெக்கார்டு நோட்டில் நான் எழுதிய எண்களை நானே நம்பவில்லை.

அதுவும் இந்த மாவட்டத்தில் நின்றுகொண்டு எப்படி அப்படிச் சொல்ல மனசு வருகிறது? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் செத்துப்போனார்கள். இந்தக் கரையில் மனசைப் பற்றி முறையாகப் படித்த ஆட்கள் எத்தனை பேர் வந்தாலும் போதாது. அப்படி வர நினைக்கிற எங்களுக்குத்தான் லேபில் வாரத்தில் ஒரு மணி நேரம், அதுவும் யாருக்கும் வேண்டாத நேரமாகப் பார்த்து ஒதுக்குகிறார்கள்: வெள்ளிக்கிழமை மூன்றரை முதல் நாலரை. கடலோரத்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் பஸ் பிடிக்க ஓடுகிற நேரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அன்றைக்கு அதைப் பார்த்துத்தான் பயந்தேன். ஒரு கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில் மனநல ஆலோசனைக்கு வந்த ஒருவரைப் பற்றி யாரோ ஒரு சீனியர் எழுதிய பதிவு அப்படியே கிடந்தது. பெயர், ஊர், வீட்டுச் சண்டை, தற்கொலை எண்ணம், எல்லாம். யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ரகசியம் காக்கப்படும் என்று சொல்லித்தான் ஒருவரிடம் பேச்சை ஆரம்பிக்கிறோம். அவர் சொன்னது பொது கம்ப்யூட்டரில் எல்லாருக்கும் பொதுவாகக் கிடக்கிறது. அந்தச் சீனியரைக் குற்றம் சொல்ல மாட்டேன். வைரஸ் வரும் என்று பென் டிரைவுக்குத் தடை, ஆளுக்கொரு தனிக் கணக்கும் கிடையாது. வேறு எங்கே சேமிப்பார்?

இந்த நிலைமையில் பிழைப்பவர்கள் யார் தெரியுமா? பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைகள். தாளைக் கொடுத்தால் அட்டவணை, விளக்கம், முடிவு வரை மூவாயிரம் ரூபாய்க்குச் செய்து தருகிறார்கள். என் வகுப்பில் ஐந்து பேர் கொடுத்துவிட்டார்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில், இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடுகிற டி-டெஸ்ட் என்றால் என்ன என்று கேட்டால் அந்தப் பிள்ளைகள் முழிப்பார்கள், அப்போது அவர்களைத் திட்டுவார்கள். கற்றுக்கொடுக்க ஆளில்லாமல், கதவையும் பூட்டி வைத்தவர்களை யாரும் திட்ட மாட்டார்கள்.

உப்புக்காற்றில் மெஷின் கெட்டுவிடும், அதனால்தான் பூட்டி வைக்கிறோம் என்று ஒரு காரணம் சொல்கிறார்கள். உப்புக்காற்று எங்கள் வீட்டு ஆணியைக்கூட விடுவதில்லை, எனக்குத் தெரியாதா? பூட்டி வைத்த அறைக்குள்ளும் அது போகத்தான் செய்கிறது. ஓடாமலேயே நாலு சி.பி.யு.வின் பின்பக்கம் செம்பழுப்பாகத் துருவேறி இருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

திங்கட்கிழமை நாங்கள் 14 பேரும் கையெழுத்துப் போட்ட மனுவோடு முதல்வர் அறைக்குப் போகிறோம். புதுக் கட்டடமோ புது மெஷினோ கேட்கவில்லை. லேபின் இன்னொரு சாவி எங்கள் துறையில் இருக்கட்டும். எங்கள் நேரம் வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து வேறு நாள் காலைக்கு மாறட்டும். அந்த இலவச மென்பொருளை நிறுவி, எங்களுக்குத் தனித்தனிக் கணக்குக் கொடுக்கட்டும். புள்ளியியல் தெரிந்த ஒருவர் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் எங்களோடு உட்காரட்டும். அதுவரை காகிதக் கட்டைத் தினமும் பையில் கொண்டுபோகத்தான் போகிறேன், எந்த நாள் கதவு திறந்திருக்கும் என்று தெரியாதே.