வெளியே போய் நிற்கலாம் என்ற சலுகை

“1962இல் அமெரிக்கப் பள்ளிகளிலிருந்து கடவுளை வெளியேற்றிவிட்டார்கள்” என்ற வாக்கியம் அந்நாட்டு அரசியல் மேடைகளில் அறுபது ஆண்டுகளாக ஒலித்துக்கொண்டிருக்கிறது. தினமும் சாமி கும்பிடுகிற என்னைப் போன்றவர்களும் அதை நம்பி வருத்தப்படுவதைப் பார்க்கிறேன். நானும் ஒரு காலத்தில் நம்பியவன்தான். வழக்குகளைப் படித்த பிறகு என் கருத்து மாறியது. ஆனால் என் பக்தி குறையவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நியூயார்க் மாநிலக் கல்வி வாரியம் ஆங்கிலத்தில் 22 சொற்கள் கொண்ட ஒரு பிரார்த்தனையை எழுதிப் பள்ளிகளுக்குப் பரிந்துரைத்திருந்தது. எல்லாம் வல்ல கடவுளைச் சார்ந்தே நாங்கள் இருக்கிறோம், எங்களையும் எங்கள் பெற்றோர், ஆசிரியர், நாட்டையும் ஆசீர்வதியும் என்பதுதான் அதன் சாரம். இயேசுவின் பெயர் அதில் இல்லை. எந்தச் சமயத்தவருக்கும் உறுத்தக் கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார்கள். லாங் ஐலண்டு பகுதியில் ஒரு பள்ளி மாவட்டம் அதைத் தினமும் சொல்ல வைத்தபோது பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். ‘ஏங்கல் எதிர் விட்டாலே’ என்ற அந்த வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றம் 6–1 என்ற கணக்கில் பெற்றோருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிரார்த்தனையை இயற்றித் தருவது அரசின் வேலையே அல்ல என்பதுதான் நீதிபதி ஹ்யூகோ பிளாக் எழுதிய தீர்ப்பின் மையம். மாணவர் தாமாகப் பிரார்த்திப்பதை அந்தத் தீர்ப்பு தடுக்கவில்லை. இன்றுவரை எந்தத் தீர்ப்பும் தடுக்கவில்லை.

பக்தன் என்ற முறையில் எனக்கு அந்தத் தீர்ப்பைவிட அந்தப் பிரார்த்தனைதான் அதிக வருத்தம் தருகிறது. ஒரு குழு கூடி, யாருக்கும் ஆட்சேபம் வராதபடி இழைத்து இழைத்துச் செய்த வேண்டுதலை எந்தச் சமயத்தவர் தம்முடையது என்று ஏற்பார்?

“விருப்பமில்லாத பிள்ளை சும்மா இருக்கலாமே, வெளியே போகலாமே, யார் கட்டாயப்படுத்தினார்கள்?” என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கான பதில் அடுத்த ஆண்டு, 1963இல், ‘ஆபிங்டன் எதிர் ஷெம்ப்’ வழக்கில் இருக்கிறது. பென்சில்வேனியா மாநிலச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளி நாளும் பைபிளிலிருந்து குறைந்தது பத்து வசனங்களையாவது விளக்கம் ஏதுமின்றி வாசிக்க வேண்டும். 1956இல் எல்லரி ஷெம்ப் என்ற பதின்ம வயது மாணவர் இதை எதிர்த்து, வாசிப்பு நேரத்தில் குர்ஆன் பிரதியொன்றைத் திறந்து தமக்குள் படித்தார், தலைமையாசிரியரிடம் அனுப்பப்பட்டார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே மாநில அரசு சட்டத்தைத் திருத்தி, பெற்றோர் கடிதம் கொடுத்தால் பிள்ளைக்கு விலக்கு உண்டு என்றது. நியாயமான ஏற்பாடாகத்தானே தெரிகிறது?

ஆனால் ஷெம்பின் தந்தை அந்த விலக்கைக் கேட்கவில்லை. அதற்கு அவர் நீதிமன்றத்தில் சொன்ன காரணங்கள் தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றில் பதிவாகியிருக்கின்றன. பிள்ளைகளை விசித்திரப் பிறவிகளாக மற்றவர்கள் பார்ப்பார்கள். நாத்திகர் என்று முத்திரை குத்துவார்கள். பைபிள் வாசிப்பை அடுத்து வரும் அறிவிப்புகளையும் அவர்கள் கேட்காமல் போவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நேரத்தில் வகுப்புக்கு வெளியே நடைவழியில் நிற்க வேண்டியிருக்கும், அங்கே நிற்பதே தவறு செய்ததற்கான தண்டனையாகத் தோன்றும் என்றார். வகுப்புக்கு வெளியே நின்ற அனுபவம் உள்ள யாருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது. 8–1 என்ற கணக்கில் நீதிமன்றம் அந்தக் குடும்பத்தின் பக்கம் நின்றது. அதே தீர்ப்பில், பைபிளை இலக்கியமாகவும் வரலாறாகவும் பாடத்தில் கற்பிக்கத் தடையில்லை என்றும் எழுதியது. இந்தப் பாதியை மேடையில் யாரும் சொல்வதில்லை.

பைபிள்தானே, எல்லாக் கிறிஸ்தவருக்கும் பொதுவானதுதானே என்றும் தோன்றலாம். 19ஆம் நூற்றாண்டின் பள்ளிகளில் வாசிக்கப்பட்டது புராட்டஸ்டன்டுகளின் கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்கள் சபையின் மொழிபெயர்ப்பை வாசிக்க அனுமதிக்க வேண்டும் என்று பிலடெல்பியா ஆயர் 1842இல் கேட்டார். அவர் பைபிளையே பள்ளியிலிருந்து அகற்றப் பார்க்கிறார் என்று வதந்தி பரவியது. 1844இல் அந்நகரில் வெடித்த கலவரங்களில் கத்தோலிக்கத் தேவாலயங்கள் எரிக்கப்பட்டன, பலர் உயிரிழந்தனர். புலம்பெயர்ந்த ஐரிஷ் மக்கள் மீதிருந்த வெறுப்பும் அதில் கலந்திருந்தது என்றாலும், மூட்டிவிட்டது பள்ளி பைபிள் சர்ச்சைதான். இன்றைய லூசியானா மாநிலத்தின் 2024ஆம் ஆண்டுச் சட்டமும், அதைப் போன்ற டெக்சாஸ் சட்டமும் வகுப்பறைகளில் பத்துக் கட்டளைகளை மாட்டச் சொல்லும்போது எனக்கு அந்தப் பிலடெல்பியாதான் நினைவுக்கு வருகிறது. யூதர், கத்தோலிக்கர், புராட்டஸ்டன்டுகள் ஆகிய மூவரும் அந்தப் பத்தையும் ஒரே மாதிரி எண்ணுவதில்லை. சுவரில் எந்த வரிசை, எந்த வாசகம் என்று தீர்மானிக்கும் வேலையைச் சட்டமன்றம் தன் கையில் எடுத்துக்கொள்கிறது.

மறுபக்கத்திலும் தவறு நடக்கிறது. வழக்குக்குப் பயந்து, சாப்பாட்டுக்கு முன் தலைகுனிந்து செபிக்கும் பிள்ளையைக்கூட அதட்டும் பள்ளி நிர்வாகி சட்டத்தைப் புரிந்துகொள்ளாதவர். மற்ற மாணவர் சங்கங்கள் கூட்டம் நடத்த அனுமதிக்கும் உயர்நிலைப் பள்ளி சமயச் சங்கங்களையும் அனுமதிக்க வேண்டும் என்கிறது 1984ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம். 1990இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பைபிள் சங்கத்துக்குத் திறக்கும் கதவு முஸ்லிம் மாணவர் சங்கத்துக்கும் நாத்திகர் சங்கத்துக்கும் திறந்தே ஆக வேண்டும். மாணவர் தாமே கூடி, தாமே நடத்துவதை நான் முழு மனத்துடன் ஆதரிக்கிறேன்.

அப்படியானால் ஆசிரியருக்குச் சமய உரிமை இல்லையா? என்னை மிகவும் யோசிக்க வைத்த கேள்வி இதுதான். வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்டன் நகரில் ஜோசப் கென்னடி என்ற, பள்ளி அணியின் துணை அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுவே மண்டியிட்டுப் பிரார்த்தித்து வந்தார்; காலப்போக்கில் வீரர்களும் சூழ்ந்துகொண்டார்கள். பள்ளி மாவட்டம் தடுத்தது. 2022இல் உச்ச நீதிமன்றம் 6–3 என்ற கணக்கில், அது அவருடைய தனிப்பட்ட வழிபாடு, மாணவரை வற்புறுத்தியதற்கு ஆதாரமில்லை என்று அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மைதானம் காலியான பிறகு அவர் தனியாக மண்டியிட்டிருந்தால் நானும் அவர் பக்கம் நின்றிருப்பேன். ஆனால் அந்த வழக்கின் ஆவணங்களில் ஒரு தந்தையின் முறையீடும் இருக்கிறது. அவருடைய மகன் நாத்திகன். சேராவிட்டால் ஆட்டத்தில் இறங்கும் வாய்ப்பு குறைந்துவிடுமோ என்று அஞ்சி அந்தப் பிரார்த்தனையில் சேர்ந்துகொண்டிருக்கிறான். பயிற்சியாளர் அவனை அழைத்திருக்கவே வேண்டியதில்லை. அணியில் யார் இறங்குவது என்பதில் அவருக்குப் பங்கு உண்டு என்பது அவனுக்குத் தெரியும். அன்று மண்டியிட்டவர்களில் யார் கடவுளுக்காக, யார் பயிற்சியாளருக்காக என்று பார்வையாளர் வரிசையிலிருந்து பார்த்த எவருக்கும் தெரிந்திருக்காது.