சாரா பார்ட்மனின் உடலும் நம் எடைக் கணக்கும்

பாரிஸின் மனித அருங்காட்சியகத்தில் 1970களின் நடுப்பகுதி வரையில் ஒரு பெண்ணின் எலும்புக்கூடும், அவருடைய உடல்மீது வார்த்தெடுத்த உருவமும் பார்வைக்கு இருந்தன. அவர் பெயர் சாரா பார்ட்மன். தென்னாப்பிரிக்காவில் கோய்கோய் குடியில் பிறந்தவர். பருத்த உடலை, அதிலும் பெண்ணின் பருத்த உடலை, இளக்காரமாகப் பார்க்கும் வழக்கம் மருத்துவ அறிவிலிருந்து பிறந்தது என்று நம்புகிறவர்கள் இவர் கதையை ஒருமுறையாவது படிக்க வேண்டும். இளக்காரம் முதலில் வந்தது. நோய்க் கணக்கு வெகுகாலம் கழித்தே வந்தது.

கேப்டவுனில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த பார்ட்மனை ஹென்ட்ரிக் சீசர்ஸ் என்பவரும் அலெக்சாண்டர் டன்லப் என்ற ராணுவ மருத்துவரும் 1810இல் லண்டனுக்குக் கூட்டிச் சென்றனர். பிக்காடிலியில் ஒரு கூடத்தில், தோல் நிறத்தோடு ஒட்டிய இறுக்கமான ஆடையில், அவருடைய பெரிய புட்டத்தைக் காட்டித் தலைக்கு இரண்டு ஷில்லிங் வசூலித்தார்கள். கைத்தடியால் குத்திப் பார்த்தவர்களும் உண்டு. அடிமை வணிகத்தை பிரிட்டன் 1807இல்தான் தடை செய்திருந்தது என்பதால், அடிமை ஒழிப்பாளர்கள் அவரை விடுவிக்கக் கோரி வழக்குத் தொடுத்தனர். டச்சு மொழியில் விசாரித்தபோது, தாம் விருப்பப்பட்டே வந்ததாகவும் வருமானத்தில் தமக்குப் பாதிப் பங்கு உண்டு என்றும் பார்ட்மன் கூறியதாகப் பதிவாகியிருக்கிறது, வழக்கு தள்ளுபடியானது. ஊர் திரும்பக் கப்பல் கட்டணத்துக்கும் பிறர் கையை எதிர்பார்த்திருந்த ஒருவரின் சம்மதத்தை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது லண்டன் கூட்டம் அன்று, பாரிஸின் அறிஞர்கள்தாம். 1814இல் அவர் பாரிஸில் விலங்கு வித்தை காட்டும் ஒருவரின் கைக்கு மாறினார். 1815 மார்ச்சில் அங்குள்ள தாவரவியல் பூங்காவில், உயிரியல் அறிஞர் ஜார்ஜ் கூவியேவும் அவருடைய சகாக்களும் ஓவியர்களும் அவரைச் சூழ்ந்து நின்று ஆராய்ந்தார்கள். மற்ற உடைகளைக் களைந்த பிறகும், பிறப்புறுப்பைக் காட்ட அவர் கடைசிவரை இசையவில்லை, துணியால் மறைத்துக்கொண்டார். அவ்வாண்டு இறுதியில் அவர் இறந்ததும் கூவியே உடலை அறுத்து, மூளையையும் அந்த உறுப்பையும் புட்டிகளில் பாதுகாத்தார். 1817இல் வெளியிட்ட அறிக்கையில் பார்ட்மனின் நல்ல நினைவாற்றலையும், டச்சு பேசியதையும், ஆங்கிலம் ஓரளவு அறிந்திருந்ததையும் கூவியேவே எழுதுகிறார். அதே அறிக்கையில் அவருடைய அசைவுகளைக் குரங்கோடு ஒப்பிடுகிறார். கண் முன்னே இருந்த சான்றைவிட முன்முடிவுக்கு வலிமை அதிகம் என்பதற்கு இதைவிடப் பச்சையான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 1994இல் நெல்சன் மண்டேலா பார்ட்மனின் உடற்பகுதிகளைத் திருப்பிக் கேட்டார். பிரான்ஸ் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்ததால், 2002 ஆகஸ்ட் 9 அன்றுதான் கிழக்குக் கேப்பின் ஹேன்கியில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

இத்தனைக்கும் ஐரோப்பா சதைப்பற்றை எக்காலமும் வெறுத்த நிலமன்று. 17ஆம் நூற்றாண்டில் ஓவியர் ரூபன்ஸ் தீட்டிய வெள்ளைப் பெண்களின் தொடையும் வயிறும் செழிப்பின் அழகாகவே கொண்டாடப்பட்டன. அடிமை வணிகம் வளர்ந்து, இனங்களை மேல்கீழாக அடுக்கும் இயற்கை வரலாறு எழுதப்பட்ட காலத்தில், பெருந்தீனியும் கொழுப்பும் கட்டற்ற இச்சையும் கறுப்பினத்தவரின் இயல்பு என்று எழுதத் தொடங்கினார்கள். அந்த இழிவின் நிழல் தன்மேல் விழாமல் வெள்ளைப் பெண் தன் வாயையும் இடையையும் கட்டி ஆள வேண்டியவளானாள். (பார்ட்மனைப் பார்த்துச் சிரித்த அதே சமூகத்தின் சீமாட்டிகள், 1870களில் பாவாடைக்குப் பின்னே சட்டகம் கட்டிப் புட்டத்தை உயர்த்திக் காட்டி நடந்தார்கள். துணியால் செய்தால் நாகரிகம்.)

இன்று நாம் கேட்கும் பி.எம்.ஐ. (உடல் நிறை குறியீட்டெண்) என்ற எண்ணையும் நேரடியான இனவெறிக் கண்டுபிடிப்பு என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியன்று. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கை 1830களில் முன்வைத்த பெல்ஜிய வானியலாளர் அடோல்ஃப் கெட்லே, சராசரி மனிதனைத் தேடிக்கொண்டிருந்தாரே தவிர, யாருடைய பருமனையும் பழிக்கவில்லை. 1972இல் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டியபோது ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,000க்கும் மேற்பட்டவர்களின் அளவுகளை வைத்திருந்தார். அத்தனை பேரும் ஆண்கள். அந்த எண்ணைக் கொண்டே இன்று பெண்கள் மருத்துவரிடம் பேச்சு வாங்குகிறார்கள். அமெரிக்காவில் ஆணுக்கு 27.8, பெண்ணுக்கு 27.3 என்றிருந்த அதிக எடையின் எல்லை, 1998இல் இருவருக்கும் 25 என்றானது. நேற்றுவரை இயல்பான எடையில் இருந்த கோடிக்கணக்கானவர்கள் ஒரு கிலோகூடக் கூடாமலே அதிக எடையினர் ஆனார்கள்.

எடைக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்று நான் வாதிடவில்லை. நீரிழிவு மலிந்த நம்மவர்க்கு அந்த வாதம் ஆபத்தானது. இந்தியர்களுக்கு அதிக எடையின் எல்லையை 23 என்று வைப்பதற்கு உடலியல் காரணம் உண்டு. புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் மருத்துவர் யுட்கினும் 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் தங்கள் படங்களையே அருகருகே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3, உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. ஒரே எண் இரண்டு இனத்து உடல்களைப் பற்றி ஒன்றையே சொல்வதில்லை என்பதற்கு உலகம் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டும் படம் அது. அந்தப் படத்திலும் இருவரும் ஆண்களே.