தேக்கு உத்திரத்துக்குக் காஸ்டிக் சோடா வேண்டாம்

காஸ்டிக் சோடா என்ற கடுங்காரத்தைக் கரைத்துப் பூசி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் பழைய பர்மா தேக்கு உத்திரம் புதுசு மாதிரி ஆகிவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். செட்டிநாட்டு வீடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைச் செய்துவிடாதீர்கள். பெயிண்ட் உரியும், சரி. ஆனால் கூடவே மரமும் கறுத்து, நார் நாராகக் கிளம்பும், உள்ளே ஊறிய காரத்தை முழுசாக எடுக்காவிட்டால் அப்புறம் அடிக்கிற வார்னிஷும் நிற்காது. பிரஷ்ஷிலிருந்து உடைந்து சிக்கும் இரும்புத் துணுக்கு ஈரம் பட்டதும் கரும்புள்ளியாகிவிடும்.

வெறும் கரியும் தூசியும்தான் என்றால் மென்மையான பிரஷ், மிதமான சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணி, உடனே காய்ந்த துணி, அவ்வளவே போதும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், உப்புத்தாள் போட்டுத் தூள் பறக்க விடாதீர்கள்.

தேக்கைக் கரையான் தொடாது என்று அவர் சொன்னதும் பாதிதான் உண்மை. மரத்தின் நடுவில் வைரம் பாய்ந்த கெட்டியான பகுதி தாங்கும், வெளுத்த ஓரத்தை அரிக்கும். பளபளப்பைப் பற்றி யோசிக்கும் முன் உத்திரம் சுவருக்குள் நுழைகிற முனையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். ஓடு ஒழுகினால் ஈரம் தங்குவது அங்கேதான், பொசுக்கென்று உள்ளே இறங்கினால் பாலிஷ்காரரை விட்டுவிட்டு நல்ல ஆசாரியைக் கூப்பிடுங்கள்.