மண்ணுக்கடியில் இருந்து வந்த கார்பன்

புவி சூடாகிறது என்ற பேச்சு எழுந்தாலே, "மரம் நடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்ற பதில் உடனே வந்துவிடுகிறது. நிறுவனங்கள் சொல்கின்றன, அரசுகள் சொல்கின்றன, நல்ல மனம் படைத்த நண்பர்களும் சொல்கிறார்கள். நிழலுக்கும் மண்ணுக்கும் பறவைக்கும் மரம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நிலக்கரியை எரித்ததற்கு மரக்கன்று பரிகாரம் ஆகாது. ஏன் ஆகாது என்பதற்கான விடை, புவி சூடாவதற்கு மனிதர்தான் காரணம் என்று கண்டுபிடித்த அதே அறிவியலுக்குள் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

"காலநிலை எப்போதும் மாறிக்கொண்டுதானே இருந்திருக்கிறது?" என்று கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நியாயமான கேள்வி. பனியுகங்கள் வந்து போயிருக்கின்றன. பூமியின் சுற்றுப்பாதையிலும் அச்சின் சாய்விலும் பல்லாயிரம் ஆண்டுகளில் ஏற்படும் மெல்லிய மாற்றங்களே அவற்றைத் தொடங்கி வைத்தன. அப்படியானால் இந்த முறை மட்டும் நாம்தான் காரணம் என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்?

கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பது புதுச் செய்தி அல்ல. 1856-ல் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி, கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு இருந்த குழாய்தான் அதிகம் சூடேறியது. 1859-ல் ஜான் டிண்டால் அந்த வாயு அகச்சிவப்புக் கதிர்களை உறிஞ்சுவதை அளந்தார். 1896-ல் ஸ்வீடனின் அர்ஹீனியஸ், காற்றில் அதன் அளவு இரட்டித்தால் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்று காகிதத்தில் கணக்கே போட்டுவிட்டார். கணினி என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே அடிப்படை இயற்பியல் கையில் இருந்தது.

1958-ல் சார்லஸ் டேவிட் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் காற்றை அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் அது 280. அண்டார்டிகாவின் பனிக்கட்டிக்குள் சிக்கியிருக்கும் பழங்காலக் காற்றுக் குமிழிகளைச் சோதித்ததில், 8 லட்சம் ஆண்டுகளில் ஒருமுறைகூட அது இன்றைய அளவை நெருங்கியதில்லை என்று தெரிகிறது.

சரி, கூடியிருக்கிறது. அதை எரிமலை கக்கியிருக்கலாமே, கடல் வெளிவிட்டிருக்கலாமே? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் கார்பனுக்கு வயது உண்டு. காற்றிலும் உயிருள்ள மரத்திலும் நம் உடம்பிலும் கார்பன்-14 என்ற கதிரியக்க வகை மிகச் சிறிதளவு இருக்கும். சுமார் 5,730 ஆண்டுகளில் அது பாதியாகக் குறையும். நிலக்கரியும் பெட்ரோலியமும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்தவை, அவற்றில் கார்பன்-14 அறவே கிடையாது. அந்தப் பழைய கார்பன் காற்றில் கலந்தால் காற்றிலுள்ள கார்பன்-14 நீர்த்துப்போக வேண்டும். அணுகுண்டு சோதனைகள் கணக்கைக் குழப்புவதற்கு முன் வளர்ந்த மரங்களின் வளையங்களில், 1950-களில் ஹான்ஸ் சூஸ் அந்த நீர்த்தலைத்தான் கண்டார்.

எரிமலையிலிருந்து வரும் கார்பனிலும் கார்பன்-14 கிடையாதே என்று கேட்கலாம். அதையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. செடிகொடிகள் ஒளிச்சேர்க்கையின்போது கார்பன்-13-ஐச் சற்று ஒதுக்கிவிட்டு, எடை குறைந்த கார்பன்-12-ஐ அதிகம் எடுத்துக்கொள்ளும். நிலக்கரி ஒரு காலத்தில் செடியாக இருந்தது என்பதால் அந்த அடையாளம் அதில் அப்படியே இருக்கிறது. எரிமலை வாயுவில் அது இல்லை. காற்றில் கார்பன்-13-இன் விகிதம் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வருகிறது. கூடவே ஆக்சிஜனும் மிக நுண்ணிய அளவில் குறைகிறது. எதையாவது எரித்தால்தான் அப்படி ஆகும், எரிமலை கக்கினால் ஆகாது. அதை அளந்து காட்டியவர் கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங். தந்தை கரியமில வாயுவின் ஏற்றத்தை அளந்தார், மகன் ஆக்சிஜனின் இறக்கத்தை அளந்தார். இரண்டும் ஒரே எரிப்பின் இரு பக்கக் கணக்கு.

சூரியன்? 1978 முதல் செயற்கைக்கோள்கள் அதை அளந்து வருகின்றன. இந்த வெப்பத்தை விளக்கும் அளவுக்கு அது ஏறவில்லை. சூரியன் காரணமாக இருந்திருந்தால் மேல்வளிமண்டலமும் சூடாகியிருக்க வேண்டும், ஆனால் அது குளிர்ந்திருக்கிறது. கரியமில வாயு கூடினால் இப்படித்தான் ஆகும் என்று 1967-லேயே தம் கணினி மாதிரியில் காட்டியவர்களில் ஒருவரான சியுகுரோ மனாபேவுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி மரத்துக்கு வருகிறேன். மரம், மண், கடலின் மேற்பரப்பு, காற்று ஆகியவற்றுக்கிடையே கார்பன் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மரம் எடுக்கும், அழுகும்போதோ எரியும்போதோ திருப்பிக் கொடுக்கும். நிலக்கரி அந்தச் சுற்றிலேயே இல்லாதது. நீர் சுழன்றுகொண்டிருக்கும் தொட்டிக்குள் வெளியிலிருந்து ஒரு புதுக் குழாயைத் திறந்துவிட்டோம். தொட்டிக்குள்ளேயே நீரை இங்கிருந்து அங்கே மாற்றுவதால் குழாய் அடைபடாது. கோடிக்கணக்கான ஆண்டுகள் பத்திரமாக இருந்த கார்பனை வெளியே எடுத்து, ஒரே கோடையில் காட்டுத்தீக்கு இரையாகக்கூடிய மரத்தில் வைத்துவிட்டு, கணக்கு நேராகிவிட்டது என்று சான்றிதழ் விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இருக்கும் காட்டை வெட்டாமல் காப்பது வேறு விஷயம். அதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். காடழிப்பும் நிலப் பயன்பாட்டு மாற்றமும் மட்டுமே உலகின் கரியமில வாயு வெளியீட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு.

"இனி என்ன செய்தும் பயனில்லை, காலம் கடந்துவிட்டது" என்ற பேச்சையும் இந்த இடத்திலேயே மறுக்க வேண்டும். அந்தப் பேச்சு என்னை உண்மையிலேயே வருத்துகிறது. கரியமில வாயு வெளியீட்டை நிகர பூஜ்ஜியத்துக்கு, அதாவது நாம் வெளிவிடும் அளவும் காற்றிலிருந்து திரும்ப எடுக்கும் அளவும் சமமாகும் நிலைக்குக் கொண்டுவந்தால் வெப்ப உயர்வு பெரும்பாலும் அந்த அளவிலேயே நின்றுவிடும் என்பதுதான் இன்றைய அறிவியலின் முடிவு. கடல் இன்னும் சூடாக முயலும், அதே கடல் காற்றிலிருந்து கார்பனையும் தொடர்ந்து எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். வெப்பம் உடனே இறங்காது, கடல்மட்டமும் நூற்றாண்டுகளுக்கு உயர்ந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் ஏற்றம் நிற்கும். வெளியிடும் ஒவ்வொரு லட்சம் கோடி டன் கரியமில வாயுவுக்கும் வெப்பம் சுமார் 0.45 டிகிரி ஏறும் என்று ஐநாவின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2021-ல் கணக்கிட்டது. 1850 முதல் 2019 வரை நாம் வெளியிட்டது சுமார் 2.4 லட்சம் கோடி டன். இந்தக் கணக்கில் 'கடந்துவிட்டது' என்ற கோடே கிடையாது. தடுக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் பலன் உண்டு.

ஆகவே எந்தத் தீர்வைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் நான் முதலில் பார்ப்பது, மண்ணுக்கடியில் இருப்பதை அது அங்கேயே இருக்க விடுகிறதா என்பதைத்தான். சூரிய மின்சாரமும் காற்றாலையும் விடுகின்றன. 2010-க்கும் 2019-க்கும் இடையில் சூரிய மின்சாரத்தின் செலவு 85 சதவீதமும், லித்தியம் பேட்டரியின் செலவு அதே அளவும், காற்றாலை மின்சாரத்தின் செலவு 55 சதவீதமும் குறைந்தன. அணுமின்சாரத்தையும் நான் ஒதுக்க மாட்டேன். ஓடிக்கொண்டிருக்கும் அணு உலையை மூடிவிட்டு நிலக்கரியை எரிப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து.

எஃகும் சிமெண்டும்தான் கடினம். சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அந்தக் கல்லே கரியமில வாயுவை வெளிவிடுகிறது. சூளைக்குச் சூரிய மின்சாரம் கொடுத்தாலும் அது நிற்காது, அதுவும் மண்ணுக்கடியில் கிடந்த பழைய கார்பன்தான். வெளியேறும் வாயுவைப் பிடித்து மறுபடி பாறைக்குள் செலுத்தும் தொழில்நுட்பம் இந்த மாதிரி இடங்களுக்கு அவசியம். மற்ற எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நம்புவதுதான் ஆபத்து. ஐஸ்லாந்தில் 2024-ல் இயங்கத் தொடங்கிய மாமத் ஆலை, காற்றிலிருந்து ஆண்டுக்கு 36,000 டன் வரை கரியமில வாயுவை உறிஞ்சும்படி வடிவமைக்கப்பட்டது. எரிபொருளாலும் சிமெண்டாலும் உலகம் ஆண்டுக்கு வெளியிடுவது சுமார் 3,700 கோடி டன். முழுத் திறனில் ஓடினாலும் அந்த ஆலையின் ஓராண்டு உழைப்பு உலகின் அரை நிமிடப் புகைக்குத்தான் ஈடு.

மீத்தேன் என் அளவுகோலுக்குள் முழுதாக அடங்காது. மாட்டின் வயிற்றிலிருந்து வரும் மீத்தேனில் இருப்பது சுற்றில் உள்ள கார்பன்தான் என்றாலும், அந்த வடிவில் இருக்கும்வரை அது பல மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். நல்ல வேளையாக, சுமார் 12 ஆண்டுகள்தான் காற்றில் தங்கும். எரிவாயுக் கிணறுகளிலும் குழாய்களிலும் இருக்கும் கசிவை அடைத்தால் பலன் நம் ஆயுளுக்குள்ளேயே தெரியும். கசிந்து வீணாவது விற்கக்கூடிய பொருள். இதைக்கூட இன்னும் செய்து முடிக்காமல் இருப்பதற்கு ஒரு நல்ல காரணம்கூட எனக்குத் தெரியவில்லை.

ஐநா காலநிலை உடன்படிக்கை உருவானது 1992-ல். புதைபடிவ எரிபொருள்களிலிருந்து விலகிச் செல்வது என்ற சொற்கள் அதன் கீழ் நடக்கும் மாநாடுகளின் முடிவில் முதன்முறையாக இடம்பெற்றது 2023-ல், துபாயில். நோயின் பெயரைச் சொல்லவே 31 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இப்போது அரசுகளும் நிறுவனங்களும் நிகர பூஜ்ஜிய இலக்குகளை அடுத்தடுத்து அறிவிக்கின்றன. அடுத்த முறை அப்படி ஒரு அறிவிப்பைப் பார்த்தால், எந்தச் சுரங்கம் எந்த ஆண்டில் மூடப்படும், எந்தக் கிணறு தோண்டப்படாமல் விடப்படும் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அந்த அறிவிப்பின் கீழேயே போய்க் கேளுங்கள். நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.