பேட் எது என்று முதலில் சொல்லுங்கள்

நண்பர் ஒருவர் தன் ஸ்போர்ட்ஸ் காருக்கு முன்பக்க பிரேக் மாற்றப் போகிறார். நேற்று இரவு ஒரு படம் அனுப்பினார். துளை போட்டு, கோடு வெட்டி, நடுவில் கறுப்புப் பூச்சு அடித்த டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு. "எப்படி இருக்கு?" என்று கேட்டார். அழகாகத்தான் இருக்கிறது. பேட் எது, அதாவது அந்தத் தட்டை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை எது, என்று கேட்டேன். "அது கூடவே ஏதோ வருது" என்றார். அந்த "ஏதோ"தான் என்னை இதை எழுத வைத்தது. பிரேக் பிடிப்பது பேட்தான். அதை விட்டுவிட்டு டிஸ்க்கின் அழகைப் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிரேக் செய்வது ஒரே வேலை. காரின் ஓட்டத்தை வெப்பமாக மாற்றுகிறது. 1500 கிலோ கார் ஒன்று மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால், ஏறக்குறைய 580 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. 200-லிருந்து நின்றால் அது இரு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. இதில் பெரும்பங்கு முன்சக்கரங்களின் தலையில்தான் விழும். முன் டிஸ்க் ஒன்று 9 கிலோ இரும்பு என்று வைத்துக்கொண்டு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100-லிருந்து ஒரு தடவை நின்றால் சுமார் 45 டிகிரி ஏறுகிறது. 200-லிருந்து என்றால் 180 டிகிரி. ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டால் அதன்மேல் இன்னொரு 180.

அதனால் டிஸ்க் என்பது வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெல்லக் காற்றில் விடும் இரும்பு. அந்த இரும்பைத்தான் துளை போட்டுக் குறைக்கிறோம். அந்தக் காலத்துப் பேட்கள் சூடானால் வாயு வெளியே விடும், அது போக வழி வேண்டும் என்று துளை போட்டார்கள். இன்றைய பேட்களில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. போர்ஷேவே துளை போட்ட டிஸ்க்கோடு கார் விற்கிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான், மழையில் சட்டென்று பிடிக்க அது உதவும். ஆனால் ரேஸ் டிராக்கில் திரும்பத் திரும்பச் சூடேறி ஆறும்போது விரிசல் அந்தத் துளையின் விளிம்பில்தான் தொடங்கும். என் பழைய காரில் ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு மயிரிழை போல ஓடிய கோட்டைப் பார்த்த நாளோடு அந்த ஆசை எனக்குப் போய்விட்டது. கோடு வெட்டிய டிஸ்க் பரவாயில்லை. பேட்டின் முகத்தைச் சுரண்டிச் சுத்தமாக வைக்கும், கொஞ்சம் சத்தம் போடும், பேட்டையும் கொஞ்சம் சீக்கிரம் தேய்க்கும். சாலையில் மட்டும் ஓடும் காருக்குத் துளையும் கோடும் இல்லாத வெற்று டிஸ்க்கே போதும்.

டிஸ்க்கில் நிஜமாகக் கவனிக்க வேண்டியது உள்ளே இருக்கிறது. டிஸ்க்கின் இரண்டு பக்கத் தட்டுகளுக்கு நடுவே, காற்றை வெளியே தள்ளும் தடுப்புகள் சில டிஸ்க்குகளில் வளைந்திருக்கும். அப்படியானால் இடது வேறு, வலது வேறு. தடுப்பின் வெளிநுனி, சக்கரம் சுழலும் திசைக்குப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். மேலே தெரியும் கோட்டை வைத்துத் திசை முடிவு செய்து மாற்றிப் பூட்டிவிடுபவர்கள் உண்டு. பூட்டும் முன் விளிம்புக்குள் எட்டிப் பாருங்கள்.

இப்போது பேட். ரேஸ் பேட் என்றால் எல்லாவற்றிலும் மேல் என்று பலர் நினைக்கிறார்கள். அது சூடேறினால்தான் வேலை செய்யும். காலையில் வண்டியை எடுத்து முதல் திருப்பத்தில் மிதித்தால் மரக்கட்டையை அழுத்துவது போல இருக்கும். தினமும் ஓட்டும் காரில் அது ஆபத்து. சாதாரணப் பேட்டோ சாலையில் அருமையாக இருந்து, டிராக்கில் நாலாவது சுற்றில் கைவிட்டுவிடும். இரண்டுக்கும் நடுவே, சாலையிலும் எப்போதாவது டிராக்கிலும் ஓட்டுவோருக்கென்றே பேட்கள் இருக்கின்றன. நண்பருக்கு அதைத்தான் சொல்வேன். பல பேட்களின் ஓரத்தில் FF, GG மாதிரி இரண்டு எழுத்து அச்சிட்டிருக்கும். முதல் எழுத்து சாதாரண நிலையில் உராய்வு எவ்வளவு என்பது, இரண்டாவது சூட்டில். F என்றால் 0.35-லிருந்து 0.45, G என்றால் 0.45-லிருந்து 0.55. முதல் எழுத்தைவிட இரண்டாவது குறைந்த உராய்வைக் குறித்தால் (GF மாதிரி), சூடேறும்போது பிடி குறையும் என்று அர்த்தம். இதை மட்டும் வைத்து வாங்க முடியாது. ஆனால் இதுகூட இல்லாத பேட்டை நான் தொடமாட்டேன்.

ஒரு தடவை டிராக்கில் நேர்ப்பாதை முடியும் இடத்தில் என் பெடல் பஞ்சு போல உள்ளே போனது. கால் நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. பேட் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பேட்டில் குறையே இல்லை, பெடலின் அழுத்தத்தைப் பேட்டுக்குக் கொண்டுபோகும் பிரேக் ஆயில் கொதித்திருந்தது. பெடல் கல் மாதிரி இருந்தும் கார் நிற்கவில்லையென்றால் பேட், பெடல் தொளதொளவென்று போனால் பெரும்பாலும் ஆயில். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்த பிறகு அந்த அளவு 155 வரை இறங்கலாம். புது டிஸ்க்குக்குச் செலவு செய்துவிட்டுப் பழைய ஆயிலை அப்படியே விடாதீர்கள், தயவுசெய்து.

அப்புறம் "டிஸ்க் வளைஞ்சிடுச்சு" என்ற பேச்சு. மிதித்தால் ஸ்டியரிங் உதறுவதற்குப் பெரும்பாலும் காரணம், பேட்டின் பொருள் டிஸ்க்கில் திட்டுத் திட்டாகப் படிந்திருப்பது. இல்லையென்றால் டிஸ்க்கும் சக்கரமும் பூட்டப்படும் நடுப்பகுதியான ஹப்பின் முகத்தில் துரு இருந்து டிஸ்க் சரியாக உட்காராதது. பூட்டும் முன் ஹப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், பக்கத்திலேயே நின்று பாருங்கள். பழைய டிஸ்க்கை வைத்துக்கொள்வதானால், அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனோடு அளந்து ஒப்பிடுங்கள். மாற்றினால் ஒரு அச்சின் இரு பக்கமும் சேர்த்துத்தான்.

நண்பருக்கு இன்று காலை எழுதிவிட்டேன்: வெற்று டிஸ்க், நடுத்தரப் பேட், புது ஆயில். பூட்டியதும் வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதிக்க வேண்டும். பிறகு ஆளில்லாத சாலையில், பேட் நிறுவனம் சொன்னபடி, முழுதாக நிறுத்தாமல் வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் புதுப் பேட்டை டிஸ்க்கோடு பழக்க வேண்டும். சூட்டோடு பெடலை மிதித்தபடி ஓரிடத்தில் நிற்கக் கூடாது, அங்கேதான் திட்டு படியும். எந்தப் பேட் என்று மாலைக்குள் சொல்வதாகப் பதில் வந்திருக்கிறது.